பிளவு மூடும் இடம்

1

இந்தக் கதை, என் அண்ணி சாப்பிட்டுக்கொண்டே சொன்ன ஒரு பேச்சிலிருந்து நான் திருடியது. அண்ணி ஆய்வகத்தில் வேலை பார்க்கிறார். அங்கே நகத்தளவுத் தகடான ஒரு சில்லின்மேல் கண்ணுக்குத் தெரியாத குவாண்டம் புள்ளிகள் ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. லேசர் பட்டால் ஒவ்வொன்றும் ஒளித்துகள்களை இரண்டிரண்டாக உமிழும். அவற்றில் ஒன்றுக்கு எங்கள் வீட்டில் பெயரே உண்டு: வீம்பன்.

முதலில் இப்படித் தொடங்கினேன்: பிரிந்துபோன காதலர் இருவர், பின்னிய ஒளித்துகள்களைப் போல, ஒருவர் சிரித்தால் மற்றவரும்—

(அடித்துவிட்டேன். அண்ணி படித்துவிட்டுச் சொன்னது: "ஒண்ணை அளந்தா இன்னொண்ணு தெரியும், அவ்வளவுதான் தம்பி. பாசம் நேசமெல்லாம் வேற கதைக்கு வச்சுக்கோ.")

2

ஒரு ஜோடி வெளிவர இரண்டு வழிகள். இரண்டுக்கும் ஆற்றல் ஒன்றாக இருந்தால், எந்த வழியில் வந்தது என்று யாராலும் சொல்ல முடியாது. அப்போதுதான் பின்னல், அதாவது ஒன்றை அளந்தால் மற்றது தெரியும் அந்தத் தொடர்பு, நிலைக்கும். அதை வைத்துச் செய்தியைப் பூட்டும் ரகசியச் சாவி அனுப்பினால், ஒட்டுக்கேட்பவன் மாட்டிக்கொள்வான். வீம்பனின் இரண்டு வழிகளுக்கும் நடுவே மயிரிழை வித்தியாசம். அதற்குப் பெயர் பிளவு. சில்லுக்கு அடியில் ஒரு படிகம். மின்னழுத்தம் கொடுத்தால் அது சில்லை இழுக்கும், பிளவு சுருங்கும். வார இறுதிக்குள் மூடாவிட்டால் அண்ணியின் சோதனை மேசை வேறு குழுவுக்குப் போய்விடும்.

(அண்ணியின் சக ஆய்வாளர் ஒருவரை வில்லனாக்கப் பார்த்தேன். மனிதர் நல்லவர், அதுதான் தொல்லை.)

"ஆயிரம் புள்ளி கெடக்கு, இவனையே கட்டிக்கிட்டு அழணுமா?" என்றார் அவர்.

"மத்ததெல்லாம் மங்கல். இவன் ஒருத்தன்தான் பளிச்சுனு இருக்கான்."

3

அண்ணி மின்னழுத்தத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றினார். பிளவு சுருங்கிச் சுருங்கி, கருவியால் பிரித்துப் பார்க்க முடியாத அளவுக்கு வந்தது. இன்னும் சுருங்குகிறது என்று நம்பி மேலும் ஏற்றினார். பின்னல் சோதனை தோற்றது.

மூடும் இடத்தை இன்னும் எட்டவில்லையா, தாண்டிவிட்டதா? திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். எட்டவில்லை என்றால் இன்னும் ஏற்ற வேண்டும். சில்லு விரிசல் விடலாம். தாண்டிவிட்டது என்றால் இறக்க வேண்டும். ஆனால் அந்தப் படிகம் ஏறிய வழியில் இறங்குவதில்லை, இடம் தவறிப்போகலாம்.

அண்ணி மின்னழுத்தக் குமிழிலிருந்து கையை எடுத்துவிட்டு உட்கார்ந்தார்.

(நானும் இங்கே பேனாவைக் கீழே வைத்துவிட்டேன்.)

4

முடிவு ஒன்று: சில்லு விரிசல் விட்டது, அண்ணி—
முடிவு இரண்டு: திரையில் எண்கள் உயர்ந்தன, சக ஆய்வாளர்—

இரண்டும் பொய்யாகப் பட்டன. என்னதான் நடந்தது என்று அண்ணியிடமே கேட்டேன்.

"சொன்னா, ஜெயிச்சதையோ தோத்ததையோதான் எழுதுவே."

"வேற எதை எழுத?"

"ஏத்துறதா இறக்குறதான்னு யாரும் சொல்லித் தரல. நானே முடிவு பண்ணினேன். அதை எழுது."

எழுதுகிறேன். அண்ணி எழுந்தார். குமிழை ஏற்றத்தின் பக்கம் திருப்பினார்.

பிளவு மூடியதா, சில்லு விரிசல் விட்டதா என்பதை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். ஒரே நிபந்தனை: எதை எழுதினாலும், மறுநாள் காலை அண்ணி வேலைக்கு வந்துவிட வேண்டும். மேசை போயிருந்தால் நின்றுகொண்டே வேலை பார்ப்பார்.