மருந்துக் கணக்கில் வராத மாத்திரை

"தறியக் காலி பண்ணிக் குடும்மா. லூபஸ்னா ஆயுசுக்கும் இருக்குமாமே, இனிமே உன் கை நெய்யாது" என்றார் குப்புசாமி மாமா. செத்துப்போன என் வீட்டுக்காரரின் அண்ணன். தறி நிற்பது அவர் வீட்டில். அதில் பாதி நெய்த அரக்குச் சேலை இருந்தது. என் ரத்த ரிப்போர்ட்டை ஜெராக்ஸ் எடுத்து, பட்டு கொடுத்து நெய்யச் சொல்லும் முதலாளியிடம் காட்டிவிட்டும் வந்திருந்தார். எனக்குத் தெரியாமல் என் ரத்தம் ஊரைச் சுற்றி வந்திருக்கிறது! எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

வலி பொய்யில்லை. நாலு மாதமாக விரல் மூட்டெல்லாம் வீக்கம், சாயங்காலமானால் காய்ச்சல். மூட்டு டாக்டர் துர்கா ஏஎன்ஏ என்று ஒரு ரத்தச் சோதனை எடுத்தார். பாசிட்டிவ். லூபஸாக இருக்கலாம் என்றார். உடம்பைக் காக்க வேண்டியது உடம்பையே கடிக்கிறதாம்.

"பத்து நாள் குடுங்க மாமா."

"பத்து நாள்ல என்னா ஆயிடும்?"

"அத நான் பாத்துக்கறேன்."

வீம்புக்குத் தறியில் உட்கார்ந்தேன். சேலையில் ஒரு விரல் அகலத்துக்கு நிறம் மாறி ஓடியிருந்தது. இப்படி வந்தால் நாங்கள் தறியைத் திட்ட மாட்டோம், பட்டு எங்கே மாறியது என்று பார்ப்போம். சாயம் வேறு நாள் போட்டதாக இருக்கும். அப்போதுதான் உறைத்தது. என் உடம்பில் எது மாறியது? பிரஷர் இறங்கவில்லை என்று போன வருஷம் புதிதாக ஒரு மாத்திரை சேர்த்தார்கள்.

"வேற மருந்து சாப்பிடறீங்களா?" என்று துர்கா டாக்டர் கேட்டபோது, இல்லை என்று தலையாட்டியவள் நான்தான். எங்கள் தெருவில் பிரஷர் மாத்திரையை யார் மருந்து என்கிறார்கள்? காபி குடித்ததும் போடுவது, அவ்வளவுதான்.

மறுநாள் மாத்திரை அட்டைகளை டாக்டர் மேஜையில் கொட்டினேன்.

"அன்னைக்கே கேட்டேனேம்மா!"

"தப்புதான் மேடம். இப்ப சொல்றேன், எழுதிக்குங்க. இந்த மாத்திர சாப்ட்டா அந்த டெஸ்ட்டு அப்பிடிக் காட்டுமா, காட்டாதா?"

ஒரு அட்டையைத் தனியாக எடுத்துப் பார்த்தார். "ஹைட்ரலசின். காட்டலாம். சில பேருக்கு வலியும் இதனாலயே வரும். இதுதான் காரணம்னு இப்பவே சொல்ல முடியாது. நீங்களா எதையும் நிறுத்தக் கூடாது" என்றவர், என் பிரஷர் டாக்டருக்குப் போன் போட்டுப் பேசினார். இரண்டு பேருமாக அதை நிறுத்தி வேறு மாத்திரை கொடுத்தார்கள்.

பத்தாம் நாள் வீக்கம் பாதிகூட வடியவில்லை. தறியில் உட்கார வேறு நெசவாளியைக் கூட்டிக்கொண்டு மாமா வந்து நின்றார். நான் தறிக்குழியை விட்டு எழவில்லை.

"எழுந்திரும்மா."

"மாட்டேன். இந்தச் சேலைய முடிச்சுத் தறியிலேருந்து நான்தான் அறுப்பேன்."

வந்த ஆள் சங்கடப்பட்டுக்கொண்டு போய்விட்டான். முடிந்த நாளில் ஒரு சாண் நெய்தேன். பல நாள் நாலு விரற்கடைதான். அழுதுகொண்டும் நெய்தேன். காய்ச்சல் முதலில் விட்டது. இரண்டு மாதத்தில் மோதிரம் சுலபமாகக் கழன்றது.

முந்தானை நெய்யும்போது மாமா மறுபடி வந்தார், புது ரிப்போர்ட்டின் ஜெராக்ஸோடு. "இன்னும் பாசிட்டிவ்னுதானே போட்டுக்கீது?"

"போட்டிருக்கும். ரத்தத்துல இருந்து போவ இன்னும் நாளாவும்னு டாக்டரம்மா சொல்லிட்டாங்க. அத இப்பிடிக் குடுங்க."

வாங்கினேன். நெய்த துணியைத் தறி மரத்தில் சுருட்டும்போது, ஜரிகை உரசாமலிருக்க இடையில் காகிதம் வைப்போம். ஜெராக்ஸை அங்கே வைத்து, வீக்கமில்லாத கையால் ஒரு சுற்று இறுக்கிச் சுற்றினேன்.

"இன்னொண்ணு வேணும் மாமா. பழைய ஜெராக்ஸும் இருந்தா எடுத்துட்டு வாங்க."