பலகையைப் பிடுங்க வந்தவர்

ஊர்ப்பலகையைப் பிடுங்கி வண்டியில் போட்டுவிட்டார் மாவட்ட அலுவலர் டெர்ரில். அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலத்தில், கோதுமை வெளிக்கு நடுவே இருக்கும் ஹால்விக் என்ற சிற்றூருக்கு மேயரும் வெர்னா ஹாகன்தான், மதுக்கடைக்காரியும் அவள்தான். அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"ஒன்பது பேர் இருக்குற இடத்த ஊர்னு சொல்ல முடியாதும்மா. வரைபடத்துலேருந்தே எடுத்தாச்சு," என்றார் டெர்ரில்.

"அந்தக் காலத்துல ரயில்காரனும் இப்படித்தான் எங்கள விட்டுட்டு நாலு மைல் தள்ளித் தண்டவாளம் போட்டான். எங்க ஆளுங்க சும்மா இருந்தாங்களா? குளிர்ல தரை உறைஞ்சு கெட்டியானதும் வீடு, சர்ச்சு எல்லாத்தையும் கட்டைமேல ஏத்தி, குதிரை பூட்டி, தண்டவாளத்துக்கிட்டயே இழுத்துட்டு வந்துட்டாங்க. வழியெல்லாம் அடுப்பு எரிஞ்சுக்கிட்டே வந்துச்சு. நீ பலகையப் பிடுங்குனா நாங்க செத்துருவோமா?"

"பழங்கதைம்மா அது," என்று சிரித்தபடி டெர்ரில் வண்டியைக் கிளப்பினார்.

பனி உருகிச் சேறாகும் இந்த மாதத்தில் உள்ளூர்க்காரன் எவனும் ஊருக்கு வெளியே போகும் மண்சாலையில் வண்டியை இறக்கமாட்டான். அவர் இறக்கினார். சக்கரங்கள் அச்சுவரை சேற்றில் புதைந்தன.

முழங்கால்வரை சேறோடு நடந்து வெர்னாவின் கடைமுன் வந்து நின்றார். "யாராவது டிராக்டர் கொண்டு வந்தா..."

"யாராவதா? ஊரே இல்லாத இடத்துல யாரக் கூப்பிடுற?"

வெர்னா டிராக்டரைக் கொண்டுபோய்ச் சங்கிலியை மாட்டினாள். ஆனால் இழுக்கவில்லை.

"வீட்டையே இழுத்த ஊருய்யா இது, உன் வண்டி எம்மாத்திரம்! மொதல்ல பலகைய நட்டுட்டு வா."

அவர் பலகையைத் தோளில் சுமந்து நடந்தார். பின்னாலிருந்து கத்தினாள்:

"பேரு நல்லாத் தெரியிற மாதிரி நடு! அடுத்து வர்றவனும் சேத்துலதான் மாட்டுவான். யாரக் கூப்பிடணும்னு அவனுக்குத் தெரியணும்ல?"