மகஜரில் எழுதாத விலை

ஹேவாஹெட்டயில் பஸ் ஏறியதிலிருந்தே லோஜினி யார் முகத்தையும் நேராகப் பார்க்கவில்லை. தேயிலைத் தோட்டத்து லயத்துப் பெண்கள் பதினொரு பேர் ஒரு நாள் சம்பளத்தை விட்டுவிட்டு, அவள் எழுதிய கோரிக்கை மகஜரை நம்பிக் கண்டிக்கு வருகிறார்கள். காலநிலைச் சட்டமூலத்துக்கு எம்.பி. கை உயர்த்த வேண்டும். எரிபொருளுக்கு விதிக்கப்போகும் காபன் வரியில் ஒரு பங்கை எடுத்து, மண் சரியும் மலைக்கடியில் கிடக்கும் லயங்களைப் பாதுகாப்பான இடத்தில் கட்டித்தர வேண்டும். மகஜர் கேட்டது அவ்வளவுதான்.

வரி வந்தால் பஸ் கட்டணமும் கேஸ் விலையும் ஏறும் என்பதை மட்டும் அவள் யாரிடமும் மூச்சுவிடவில்லை. சொன்னால் ஒருத்தியும் கையெழுத்துப் போடமாட்டாள் என்ற பயம். முழு விஷயத்தையும் சொல்லாமல் கையெழுத்து வாங்குகிறவர்களைத்தான் இத்தனை காலமும் திட்டித்தீர்த்தாள். லயத்திலிருந்து முதலில் பட்டம் வாங்கிய அவள் இப்போது செய்த கெட்டித்தனமும் அதுதான்.

கண்டி அலுவலகத்தில் எம்.பி.யின் செயலாளர் கிருஷ்ணராஜ் மகஜரைப் புரட்டினார். உட்காரச் சொல்லி ஒரு கதிரைகூடக் காட்டவில்லை.

"தங்கச்சி, இந்த வரி வந்தா பஸ் காசு ஏறும், கேஸ் ஏறும். இவங்களுக்குத் தெரியுமா?"

பொய் நுனிநாக்குவரை வந்தது. விழுங்கினாள்.

"தெரியாது சேர். நான் சொல்லல."

"அப்ப கூட்டிக்கிட்டுப் போங்க." மகஜரை அவள் பக்கம் தள்ளினார்.

கொழுந்து பறிக்கும் வடிவம்மா முன்னே வந்தாள். "இருங்க சேர். அவ சொல்லலதான். ஆனா எங்களுக்குத் தெரியும்."

லோஜினி திடுக்கிட்டுத் திரும்பினாள்.

"ஆட்டோக்கார திலீபன் மூணு நாளா கத்துறான், 'ஒங்க லோஜினி பெட்ரோல் வெலைய ஏத்தப்போறா'ன்னு. இந்தப் புள்ள எப்பதான் வாயத் தொறக்கும்னு பாத்துக்கிட்டே இருந்தோம்."

பெண்கள் கொல்லென்று சிரித்தார்கள். லோஜினிக்கு முகம் சுட்டது. நெஞ்சிலிருந்து பாறை ஒன்று உருண்டு போனது.

"தெரிஞ்சுமா வந்தீங்க?" என்றார் கிருஷ்ணராஜ்.

"போன மழைக்கு நாலு நாள் கோயில்ல படுத்தோம் சேர். பஸ் காசு ஏறுனா நடந்துருவோம். மண்ணு வந்தா எங்க நடக்கிறது? ஆனா சும்மா ஏத்த விடமாட்டோம். ஏத்துற காசுல எங்க வீட்டுக்கும் பங்கு வேணும், பஸ்ஸுக்கும் கேஸுக்கும் கையில ஏதாச்சும் திருப்பித் தரணும். அதையும் எழுதணும்."

கிருஷ்ணராஜ் பேனையை நீட்டினார். லோஜினி விலையேற்றத்தையும் வடிவம்மாவின் நிபந்தனையையும் மகஜரின் அடியில் எழுதி, உரக்க வாசித்தாள். பதினொரு பேரும் அதன் கீழே மறுபடி கையெழுத்துப் போட்டார்கள்.

"செவ்வாய்க்கிழமை எம்.பி. இங்க இருப்பாரு," என்றார் அவர். "வந்து நீங்களே சொல்லுங்க. நான் சொல்றதவிட நீங்க சொன்னா கேப்பாரு."

வெளியே வந்ததும் வடிவம்மா லோஜினியின் காதைப் பிடித்தாள். "இனிமே மறைப்பியா?"

"இல்ல அத்தை. இன்னொண்ணும் இருக்கு. லொறிக் கூலி ஏறுனா சீனியும் ஏறும்."

"அடிப்பாவி! சொல்லு, சொல்லு. நடந்துக்கிட்டே எல்லாத்தையும் சொல்லு."