படம் இல்லாத பறவை

சேறு மின்னுகிறது. தூரத்திலிருந்து பார்த்தால் தண்ணீர். கிட்டே போனால் சேறு. இன்னும் கிட்டே போனால், அதில் ஒரு விரல் ஆழத்துக்கு வானம்.

கோடியக்கரையில் தை மாதக் காலை இப்படித்தான் விடிகிறது. எதையும் நம்பாதே என்று சொல்லிக்கொண்டே விடிகிறது. எனக்கு அது பிடித்திருந்தது. நானும் நம்புவதற்காக வரவில்லை.

என் கணவர் கதிரேசன் முன்னால் போகிறார். தோளில் முக்காலி, அதன் தலையில் தொலைநோக்கி. கழுத்தில் கேமரா. குளிக்கும்போது மட்டும்தான் அதைக் கழற்றுவார்.

போன தை மாதம் இங்கே தனியாக வந்தார். மூன்று நாள். மூன்று நாளும் போன் அணைந்து கிடந்தது. திரும்பி வந்து வாசலில் செருப்பைக்கூடக் கழற்றாமல் சொன்னார். "அரசி, கரண்டிமூக்கு உள்ளானைப் பார்த்துட்டேன்."

சிட்டுக்குருவி அளவுதான் இருக்கும். மூக்கு நுனியில் குட்டிக் கரண்டி. உலகத்திலேயே சில நூறுதான் மிச்சமாம். அதைக் காணாமலே கண்மூடிய பறவைப் பைத்தியங்கள் உண்டு.

படம் எங்கே என்று அவருடைய பறவைக் கூட்டம் வாட்ஸ்அப்பில் கேட்டது. கையைத் தூக்கினால் பறந்துவிடும், அதனால் எடுக்கவில்லை என்றார். உடைந்த மதகு பக்கம் நின்றது, வலது காலை நொண்டியது என்று வேறு சொல்லிவைத்தார். சிரித்தார்கள். அவர்கள் வேதத்தில் படம் இல்லாத பறவை பறவையே இல்லை.

நான் சிரிக்கவில்லை. என் சந்தேகம் பறவை மேல் இல்லை.

நாகப்பட்டினத்தில் கற்பகவல்லி இருக்கிறாள். அவரோடு ஒரே ஆபீசில் இருந்தவள். அந்த ஊர் வழியாகத்தான் வந்தோம். பஸ் நின்றபோது அவர் ஜன்னல் பக்கம் திரும்பவே இல்லை. திரும்பியிருந்தாலும் சந்தேகப்பட்டிருப்பேன்.

அந்த மூன்று நாளும் அவர் இங்கேதான் இருந்தாரா? இன்றைக்கு எனக்குத் தெரிந்தாக வேண்டும்.

விடியலில் டீக்கடைக்கார அம்மாவிடம் மெதுவாகக் கேட்டேன். போன வருடம் இவர் வந்தாரா?

"வருசா வருசம் வர்றாங்கம்மா. எல்லாருக்கும் ஒரே தொப்பி, ஒரே தாடி. இதுல எந்தத் தொப்பின்னு நான் கண்டேன்?"

வெயில் ஏறியது. தூரத்தில் பூநாரைகள், உலர்த்திய சேலைபோல ஒரே நீளம். ஆலாக்கள் கத்திக்கொண்டு தண்ணீரில் விழுந்தன. நான் பைனாகுலரை அவர் முதுகின் மேல் வைத்திருந்தேன்.

அவருக்கு வழி தப்பியது. ஒரு தடவை அல்ல, இரண்டு தடவை. வந்த இடத்துக்கு வழி தப்புமா?

"போன வருசம் இங்கெல்லாம் தண்ணி" என்றார். நான் கேட்காமலே சொன்னார். கேட்காததற்குப் பதில் சொல்கிறவரை நான் நம்புவதில்லை.

உடைந்த மதகு இருந்தது. இருக்கட்டும். உடைந்த மதகு எந்த ஊரில் இல்லை?

உச்சி வெயில். முக்காலியின் ஒரு கால் சேற்றில் புதைந்துகொண்டது. எனக்கு முதுகைக் காட்டிக் குனிந்து, திட்டிக்கொண்டே அதை இழுத்தார்.

அப்போதுதான் அந்தக் கூட்டம் இறங்கியது. கொசு உள்ளான்கள். ஒரு பிடி மணலை வீசினாற்போல. ஓரத்தில் ஒன்று தனியாக. அதன் மூக்கு நுனியில் கரண்டி.

நடந்தது. வலது காலை நொண்டியது.

கூப்பிட வாயைத் திறந்தேன். அதற்குள் அது ஒரு குட்டைக்குள் இறங்கி, மூக்கை நனைத்து, தலையை ஒரு உதறு உதறியது. கரண்டி விழுந்துவிட்டது. கீழே கிடந்தது ஒரு உருண்டைச் சேறு. மேலே வெறும் ஊசி மூக்கு. இந்தக் கரையில் ஆயிரக்கணக்கில் மேயும் சாதாரணக் கொசு உள்ளான்.

வலசை வந்த பறவை போன வருடத்துச் சேற்றையே தேடி வரும். அவர்தான் சொல்வார். போன வருடமும் இதே சேறுதான் அதன் மூக்கில் ஒட்டியிருக்கும்.

கண்ணால் காண்பதும் பொய் என்பார்கள். அவர் கண்ணால் கண்டது பொய். ஆனால் அவர் பொய் சொல்லவில்லை.

இங்கேதான் நின்றிருக்கிறார். இதே மதகு, இதே நொண்டி. ஒரு வருடமாக என் நெஞ்சில் கிடந்த கல் உருண்டு போனது. சந்தோஷத்தில் கண் நிறைந்தது. அவமானத்திலும்தான்.

அதன் பிறகுதான் உறைத்தது. அவரைக் காப்பாற்றிய பறவையே அவருடைய பறவையையும் கொண்டுபோய்விட்டது. சொன்னால், ஊர் சிரித்தும் விடாமல் அவர் பிடித்துக்கொண்டிருந்த ஒன்று இல்லாமல் போகும். சொல்லாவிட்டால், அவரிடம் நான் மறைக்கும் முதல் விஷயம் இது.

"என்ன பார்த்தே?"

முக்காலியோடு நிமிர்ந்திருந்தார். முகமெல்லாம் சேறு.

"கொசு உள்ளான்ங்க."

"கொசு உள்ளானுக்கா அழுவே?"

தொலைநோக்கியைத் திருப்பினார். கூட்டம் எழும்பிவிட்டது. வெறும் சேறு. அவர் அதையே வெகுநேரம் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். அந்தப் பார்வை எனக்குத் தெரியும். ஒரு வருடமாக நான் அவரைப் பார்த்த பார்வை.

முந்தானையால் அவர் முகத்தைத் துடைத்தேன். விலகவில்லை. என் மேலிருந்து கண்ணையும் எடுக்கவில்லை.

சாயங்காலம் திரும்பும்போது பஸ்ஸில் மறுபடி கேட்டார். "நெசமா என்ன பார்த்தே, அரசி?"

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். வெளியே வெயில் சாய்ந்து சேறு மின்னியது. தூரத்திலிருந்து பார்த்தால் தண்ணீர்.