குருவித் தீனி

முக்கத்தம் முஃபத்தல் மாடிப்படியின் அடியில் நின்று மூக்கை ஒருமுறை உறிஞ்சினார். ஆளுக்கு ஜலதோஷம் எதுவும் இல்லை. மேல்படியில் நின்ற ஹஸ்னா மாடிக் கதவைப் பின்னால் இழுத்துச் சாத்தினாள்.

"மேல என்ன வளக்குறீங்க மகளே? வாசனை தெரு வரைக்கும் வருதே."

"புதினா."

"ஓ. புதினா."

அவ்வளவுதான். ஜெல்லாபா அங்கியின் தலைமூடியை இழுத்துவிட்டுக்கொண்டு போய்விட்டார். திட்டியிருந்தால்கூட ஹஸ்னா அன்றைக்குத் தூங்கியிருப்பாள்.

தெத்துவான் பழைய நகரத்தில் ஒவ்வொரு பேட்டைக்கும் ஒரு முக்கத்தம் உண்டு. அரசாங்கத்தின் கண்ணும் காதும் அவர்தான். இந்த ஆள் விஷயத்தில் மூக்கும். யார் எங்கே குடியிருக்கிறார்கள், யார் வீட்டுக்கு எந்த ஊர் உறவினர் வந்து தங்கினார்கள், எல்லாம் அவருக்குத் தெரியும். அவர் தலையாட்டினால்தான் குடியிருப்புச் சான்று கிடைக்கும். ஹஸ்னாவுக்கு அந்தச் சான்று வேண்டும். மலைப்பக்கத்துப் பள்ளிக்கூடம் ஒன்றில் ஆசிரியை வேலை, பலமுறை தேர்வில் தோற்று இப்போதுதான் கிடைத்திருந்தது. பள்ளி திறப்பதற்குள் காகிதங்களைக் கொடுக்காவிட்டால் வேலை அடுத்த பெயருக்குப் போய்விடும். மற்றதெல்லாம் தயார். இது ஒன்றுதான் பாக்கி. கேட்கும்போதெல்லாம் முஃபத்தல் நாளைக்கு என்றார். ஏன் நாளைக்கு என்று ஹஸ்னா கேட்கவில்லை. மாடிக் கொடியில் போட்ட போர்வைக்குப் பின்னால் கஞ்சாச் செடிகளை வைத்துக்கொண்டு எந்த வாயால் கேட்பது?

செடிகளை அவள் விதைத்தது கோபத்தில். கடைசியாகத் தேர்வில் தோற்ற வாரம் தொலைக்காட்சியில் ஒரு வயலைக் காட்டினார்கள். வெள்ளைக் கோட்டு போட்டவர்கள் கஞ்சாச் செடிக்கு நடுவில் நின்று மருந்து, ஏற்றுமதி, உரிமம் என்று பேசினார்கள். அதே மலை, அதே செடி. அதை வளர்த்ததற்குத்தான் அவள் அப்பாவின் பேரில் வாரண்ட் இருந்தது. ஆஸ்பத்திரிக்குப் போனால் அடையாள அட்டை கேட்பார்களே என்று பயந்து, கஞ்சாவுக்குப் பேர்போன தன் மலையூர் கெத்தாமாவை விட்டு இறங்காமலே இருமி இருமிச் செத்தார். கோட்டு போட்டிருந்தால் பிழைத்திருப்பார்.

உயிரோடு இருந்தவரை மகளை அவர் வயலுக்குள் விட்டதில்லை. உன் கையில் இந்தப் பிசின் ஒட்டக் கூடாது, பேனா மைதான் ஒட்ட வேண்டும் என்பார். பல்கலைக்கழகத்திலோ எல்லாப் பயல்களும், "கெத்தாமாக்காரி, பையில என்ன கொண்டுவந்த?" என்று கேட்பார்கள். ஊர்ப்பெயரின் அவமானம் முழுசாக அவளுக்கு. செடியைப் பற்றி மட்டும் ஒரு மண்ணும் தெரியாது.

குருவித் தீனிக் கடையில், குருவிக்குப் போடும் கஞ்சா விதை ஒரு பிடி வாங்கி, ஃபோனில் யாரோ ஒரு ஸ்பானியப் பையன் சொல்லச் சொல்லச் செய்தாள். முதலில் முளைத்தவை அவள் ஊற்றிய தண்ணீரில் அழுகிப்போயின. அடுத்தவை அறைக்குள் வெயிலில்லாமல் நூல் நூலாக நீண்டு சாய்ந்தன. மாடிக்குக் கொண்டுபோன பிறகுதான் உயிர் பிடித்தன. ஆண் செடியைப் பார்த்தால் உடனே பிடுங்கிவிடு, அதன் மகரந்தம் பட்டால் பெண் பூ விதைகட்டி வீணாகிவிடும் என்று அந்தப் பையன் படித்துப் படித்துச் சொல்லியிருந்தான். காலையில் எழுந்ததும் ஒவ்வொரு கணுவாகத் தடவிப் பார்ப்பாள். ஆண் என்று தெரிந்தால் வேரோடு போய்விடும். அதில் ஒரு சந்தோஷம் இருந்தது என்பதையும் மறைப்பதற்கில்லை.

அம்மா மைமூனா வீடு வீடாகப் போய் ரொட்டி மாவு பிசைகிறவள். செடிப் பக்கம் திரும்பவே மாட்டாள்.

"நான் எதையும் பாக்கல. எவனாவது கேட்டா தக்காளின்னு சொல்லுவேன்."

"தக்காளி எங்கம்மா காய்ச்சிருக்கு?"

"காய்க்கலயே. அதான் எனக்கும் சரியாத் தெரியல."

வேலை உத்தரவு வந்த அன்றே பிடுங்கியிருக்க வேண்டும். ஆனால் பூ வைத்துவிட்டது. அவள் ஆரம்பித்து, நடுவில் யாரும் வந்து தட்டிவிடாமல் இவ்வளவு தூரம் வந்த முதல் காரியம் அது. இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று விட்டுவைத்தாள்.

ஆண்களைப் பற்றி மாடியில் பயமில்லை. மொட்டைமாடி பெண்களுடையது. ஆண்பிள்ளை ஏற வேண்டுமென்றால் கீழேயிருந்தே குரல் கொடுத்து, சுற்று மாடிப் பெண்கள் முக்காடு போட்டு விலகிய பிறகுதான் ஏறலாம். முக்கத்தமாக இருந்தாலும் இதே கதிதான். ஆனால் முக்கத்தத்துக்குப் பெண்டாட்டி இருக்கிறாளே.

கிழக்குச் சுவருக்கு அந்தப் பக்கம் முஃபத்தலின் மாடி. அவர் மனைவி ரஹீமுவின் தலை அந்தச் சுவருக்கு மேலே எந்நேரமும் முளைத்துக்கொண்டே இருந்தது. பொன்சிட்டுக் கூண்டுகளைக் கழுவுகிறேன் பேர்வழி என்று நிற்பாள். ஒருநாள் சாவகாசமாகக் கேட்டாள்:

"உன் போர்வை இன்னும் காயலயா மகளே?"

"உங்களதும்தான் காயல லல்லா ரஹீமு."

ரஹீமுவின் முகம் சுருங்கியது. தலை உள்ளே போனது. ஹஸ்னா யோசித்துப் பார்த்தாள். உண்மைதான், அவள் போர்வைகளும் வாரக்கணக்கில் அதே கொடியில் தொங்குகின்றன. மறைந்து நின்று வேவு பார்க்கத்தான் என்று முடிவு கட்டினாள். அந்த வெள்ளிக்கிழமை ரஹீமு ஒரு தட்டு கூஸ்கூஸ் அனுப்பினாள். அம்மா விரலை நக்கினாள். ஹஸ்னா தொடவில்லை. முக்கத்தம் வீட்டிலிருந்து சும்மா சோறு வருமா? அந்த வீட்டில் காலைச் சலாமுக்குக்கூட ஒரு காரணம் இருக்கும்.

பிறகு ஒரு மதியம் முஃபத்தல் தெருவில் அவளை நிறுத்தினார். சான்று தர வேண்டுமானால் குடியிருக்கும் அறையைக் கண்ணால் பார்க்க வேண்டும், நாளைக் காலை மேலே வருகிறேன் என்றார். இத்தனை நாளில் பிடிகொடுத்து அவர் சொன்ன ஒரே 'நாளைக்கு' அதுதான்.

ஹஸ்னா ஓடிவந்து கத்தரிக்கோலை எடுத்தாள். அழுகை வந்தது, அழ நேரமில்லை. தண்டு தண்டாக வெட்டி வாளியில் போட்டாள். ஒரு பூங்கொத்தை ஆற்றாமையில் உள்ளங்கையில் வைத்து நசுக்கினாள். ஏதோ உறுத்தியது. பிரித்துப் பார்த்தாள். விதை. சாம்பல் நிறத்தில், கோடு கோடாக. அடுத்த கொத்திலும் விதை. எல்லாவற்றிலும் விதை.

முதலில் தன்மேல்தான் சந்தேகப்பட்டாள். எதையாவது தவற விட்டிருப்பாளோ? வாய்ப்பே இல்லை, தேர்வுக்குக்கூட இவ்வளவு கவனமாகப் படித்ததில்லை. அப்படியானால் மகரந்தம் வெளியேயிருந்து வந்திருக்கிறது. பக்கத்தில் எங்கேயோ ஓர் ஆண் செடி நிற்கிறது. கொஞ்ச நாளாக ஷெர்க்கிக் காற்று அடித்துக்கொண்டிருந்தது, கிழக்கிலிருந்து, ஓயாமல்.

வாளியைக் கவிழ்த்தாள். அதன்மேல் ஏறிக் கிழக்குச் சுவரைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தாள். காற்று ரஹீமுவின் போர்வையைத் தூக்கியது. புதினாத் தொட்டி தெரிந்தது. அதில் ஆள் உயரத்துக்கு ஆண் செடிகள், அசைய அசைய மஞ்சள் தூளை உதிர்த்துக்கொண்டு. அவற்றுக்கு நடுவே விதை பிடித்துத் தலைசாய்ந்த பெண் செடிகள். பக்கத்தில் தண்ணீர்ச் செம்போடு ரஹீமு.

ரஹீமு ஒரு கையால் போர்வையை இழுத்து மூடப் பார்த்தாள்.

"குருவிக்குத்தான்," என்றாள் ரஹீமு. "கூண்டு கழுவுற தண்ணிய தொட்டியில ஊத்துவேன். தானா மொளச்சிருச்சு."

"தண்ணியும் தானா ஊத்திக்குதா?"

ரஹீமு செம்பைக் கீழே வைத்தாள். "இந்த விதை தின்னாத்தான் குருவி வாய் திறக்கும். கடையில வாங்குறது புழுத்த விதை. அவருக்கு அந்தக் குருவிங்கதான் உசுரு, பெத்த புள்ளைங்ககூட அப்பறம்தான்." பிறகு குரல் மாறியது. "நீ கெத்தாமாக்காரி. எலைய பாத்ததும் கண்டுபிடிச்சிருப்பேன்னு தெரியும். தெனம் போர்வைக்குப் பின்னாடி நின்னு எட்டிப் பாத்தியே. வேலை கெடச்சதும் மேல எழுதிப் போட்ருவா, அந்தப் பேப்பர குடுக்காதீங்கன்னு நான்தான் அவர்கிட்ட சொன்னேன்."

ஹஸ்னாவுக்குச் சிரிப்பு வரவில்லை. மூக்கை உறிஞ்சியவர் தன் வீட்டு வாசனைக்கு இவள் என்ன பெயர் சொல்கிறாள் என்று பார்த்திருக்கிறார். அதற்குத்தான் இவள் தூக்கத்தைத் தொலைத்தாள். அதற்குத்தான் வெட்டினாள்.

ரஹீமுவின் பார்வை சுவரைப் பிடித்திருந்த அவள் விரல்களுக்கு வந்தது. பிசினில் கறுத்திருந்தன.

"கையில என்ன மகளே?"

"தக்காளி," என்றாள் ஹஸ்னா.

அன்று சாயங்காலம் அம்மாதான் மிச்சத்தைச் சாக்கடைத் துளையில் தள்ளி வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றினாள், அப்போதும் எதையும் பார்க்காமலே. விதைகளை மட்டும் ஹஸ்னா உதிர்த்து எடுத்துவைத்தாள்.

காலையில் முஃபத்தல் கீழேயிருந்து "வழி, வழி" என்று குரல் கொடுத்தபடி ஏறி வந்தார். கொடியில் போர்வை இல்லை. தொட்டிகளில் சந்தையில் வாங்கி நட்ட புதினா வாடிக்கொண்டிருந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் ரஹீமு மூச்சுக்கூட விடாமல் நிற்கிறாள் என்பது தெரிந்தது. ஹஸ்னா தேநீர்க் குவளையை வைத்தாள். பக்கத்தில் ஒரு சிறு தட்டில் விதைகளை வைத்தாள்.

"உங்க குருவிக்கு, ஸி முஃபத்தல். உங்க பக்கத்துக் காத்துல வந்தது."

அவர் ஒரு விதையை எடுத்துப் பல்லில் கடித்தார். மென்றார். "நல்ல கொழுத்த விதை," என்றார். "காத்துல வந்தது சரி. இங்க எதுமேல வந்து ஒக்காந்துச்சு?"

"நீங்க எழுதிக் கேட்டா நானும் எழுதிச் சொல்றேன், எந்த மாடிக் காத்துன்னு."

அவர் தேநீரை முழுக்கக் குடித்தார். பிறகு ஜெல்லாபாவுக்குள் கைவிட்டுச் சான்றை எடுத்து நீட்டினார். முத்திரையும் கையெழுத்தும் ஏற்கெனவே போட்டு, மடிப்பு பழசாகிக் கிடந்தது. எத்தனை நாளாக அது அந்தப் பைக்குள் நடமாடியதோ. ஹஸ்னா நன்றி சொல்லவில்லை.

மறுநாள் ரஹீமு சுவருக்கு மேலே ஒரு கூண்டை நீட்டினாள். உள்ளே ஒரு பொன்சிட்டு. "வச்சுக்க. வீட்டுல குருவி இருந்தா விதை எதுக்குன்னு எவனும் கேக்க மாட்டான்."

அம்மாவுக்கு ஒரே சந்தோஷம். ஹஸ்னாவுக்கு உடனே விளங்கிவிட்டது. இனி குருவி பாடுகிறதா என்று கேட்டுக்கொண்டு அந்த ஆள் எந்த நேரமும் படியேறலாம். வேண்டாம் என்றும் சொல்ல முடியாது. முக்கத்தம் வீட்டுக் குருவியை வேண்டாம் என்றால் அதற்கும் அவர் ஒரு காரணம் கண்டுபிடிப்பார்.

மலைப் பள்ளிக்கு பஸ் ஏறவேண்டிய காலையில் அவள் கூண்டுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள். குருவி பாடவில்லை. தட்டிலிருந்த விதையை ஒவ்வொன்றாக உடைத்துத் தின்று உமியைத் துப்பியது. தின்னட்டும், சீக்கிரம் தின்னட்டும் என்று பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு தொட்டிகளை நகர்த்தி, கூண்டுக்கு அடியில் சிதறியதைக் கூட்டி, உமிக்கு நடுவில் முளைக்கிற மாதிரி முழு விதை எதுவும் கிடக்கிறதா என்று விரலால் கிளறிப் பார்த்தாள். தலை நிமிர்ந்தபோது கிழக்குச் சுவருக்கு அந்தப் பக்கமும் துடைப்பச் சத்தம் கேட்டது. ஹஸ்னா அது நிற்கும்வரை கூட்டினாள்.