ஒரு கழிக்கு இரண்டு பேர்

கஸ்தூரியின் காரியத்துக்கு வந்தவர்கள் எல்லோரும் அவளுடைய மீன் குழம்பைப் பற்றிப் பேசினார்கள். அந்த மீனை அவள் எப்படிப் பிடித்தாள் என்று ஒருவரும் பேசவில்லை. பார்த்தவர்களில் பாதிப் பேர் இப்போது இல்லை. மீதிப் பேர் மறந்திருப்பார்கள். நான் மறக்கவில்லை, அதனால் எழுதுகிறேன்.

எழுபதாம் வருஷத்தை ஒட்டி நாங்கள் திருநின்றவூரில் வாடகைக்கு இருந்தோம். எனக்கு அம்பத்தூரில் ஒரு கம்பெனியில் லேத் வேலை. கஸ்தூரி வண்ணாரப்பேட்டைக்காரி. கல்யாணமாகி வந்த புதிதில் அந்த ஊர் அவளுக்குப் பிடிக்கவே இல்லை. "இன்னா ஊருய்யா இது, வெளக்கு வெச்சா நாய்கூட தூங்கிடுது" என்பாள். அவளுக்குப் பிடித்துப்போன முதல் இடம் ஏரியின் மதகுப் பாலம்.

கரையிலிருந்து தண்ணீருக்குள் நீளும் இரும்புப் பாலம் அது. அதன் முனையில், மதகுக் கதவைத் திருகுவதற்காக ஒரு கல் மேடை. மேடையிலிருந்து தண்ணீர்வரை இறங்கும் இரும்புப் படிகள். அங்கே உட்கார்ந்தால் மூன்று பக்கமும் தண்ணீர், காற்று கடற்கரை மாதிரி அடிக்கும். மழை நின்ற மாதங்களில் எங்கள் ஞாயிற்றுக்கிழமைகள் எல்லாம் அங்கேதான்.

மீன் பிடிக்கும் கழியும் ரீலும் நான் மூர் மார்க்கெட்டில் வாங்கியவை. யாரோ ஒரு வெள்ளைக்காரர் விட்டுவிட்டுப் போனவை. பிளந்த மூங்கில் பட்டைகளை ஒட்டிச் செய்த கழி, மூன்று துண்டு. பித்தளைப் பூண்களில் ஒன்றுக்குள் ஒன்றைச் செருகிக்கொள்ள வேண்டும். அடியில் உள்ளங்கை அகலத்துக்குப் பித்தளை ரீல். மெதுவாகச் சுற்றினால் பல்லி சொல்வதுபோல் சத்தம் வரும், தூண்டில் நரம்பு வேகமாக ஓடினால் கிர்ரென்று அலறும். ஒரு திருகு தேய்ந்திருந்தது. லேத்தில் புதிதாகக் கடைந்து போட்டேன். பழைய சாமான்தான், ஆனால் செய்தவன் வேலை தெரிந்தவன்.

சிக்கல் என் கையில் இருந்தது. நான் நூம்பல் பக்கத்துக்காரன். எங்கள் ஊர்த் தூண்டில் வெறும் மூங்கில் குச்சி. தக்கை அமுங்கியதும் தலைக்கு மேலே வெட்டி இழுத்தால் மீன் நமக்குப் பின்னால் கரையில் வந்து விழும். அந்தப் பழக்கம் விடவில்லை. இந்தக் கழியிலும் பெரிய மீன் கடித்ததும் வெட்டுவேன். நைலான் நரம்பு அறுந்துவிடும். சில வாரங்கள் இதைப் பார்த்துக்கொண்டிருந்த கஸ்தூரி, ஒருநாள் புழு டப்பாவைக் கீழே வைத்துவிட்டு எழுந்து வந்தாள்.

"நீ கழியைப் புடி. லொட்டாயை என் கையில உடு."

வண்ணாரப்பேட்டை மொட்டைமாடியில் அவளுடைய அண்ணன்கள் காத்தாடி விடும்போது, நூல் சுற்றிய லொட்டாயைப் பிடித்துக்கொண்டு பின்னால் நிற்பது அவள் வேலை. மேலே சண்டை நடக்கும்போது நூலை எப்போது ஓடவிட வேண்டும், எப்போது சுற்ற வேண்டும் என்பதெல்லாம் லொட்டாய் பிடிப்பவர் கையில்தான் இருக்கிறது. ஓடவிடுவதற்கு அவர்கள் பாஷையில் டீல் விடுவது என்று பெயர். அவளுக்கு ரீலும் ஒரு லொட்டாய்தான். என் இடது பக்கம் ஒட்டி நின்று, ரீலின் விளிம்பில் உள்ளங்கையை வைத்துக்கொள்வாள். கழி என் பொறுப்பு, நரம்பு அவள் பொறுப்பு. அதற்குப் பிறகு எங்களுக்கு நரம்பு அறுந்தது அபூர்வம்.

ஏரிக் காவல்காரன் துலுக்கானத்துக்கு எங்களைப் பார்த்தால் குஷி.

"ஒரு மீனுக்கு ரெண்டு ஆளு! தூக்கினு போவ நாலு பேரு வோணுமா, வரதண்ணே?"

"நீ முன்னாடி சங்கு ஊதிக்கினு வா, போதும்" என்பாள் கஸ்தூரி.

அந்த வருஷம் ஏரியின் மீன் குத்தகையைக் கோதண்டம் எடுத்தார். ஊரில் பழைய விவசாயக் குடும்பம், குரல் பெரியது. நிறையக் கெண்டைக் குஞ்சு வாங்கி ஏரியில் விட்டிருந்தார். வலை போட்டுப் பார்த்தால் விட்டதில் பாதிகூடத் தெரியவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், இப்போது தன்னிடம் சம்பளம் வாங்கும் துலுக்கானத்தைக் கூட்டிக்கொண்டு நேராகப் பாலத்துக்கு வந்தார்.

"வரதா, இனிமே இந்தப் பாலத்துல தூண்டிகீண்டி ஒண்ணும் கூடாது. என் குஞ்செல்லாம் காலியாவுது."

நான் என்ன சொல்வதென்று யோசிப்பதற்குள் கஸ்தூரி திரும்பினாள்.

"உன் குஞ்சை நாங்க திங்கல அண்ணாத்தே. இந்த மதகுக் குழியில ஒரு வாளை கீது, அது திங்கிது. சாயங்காலமானா இங்கதான் பொரளும்."

"என் வலைக்குத் தெரியாத வாளை ஒனக்குத் தெரியுமா?"

"உன் வலை இங்க எங்க வந்துச்சு? அடியில கல்லு, முள்ளு. கிழிஞ்சிடும்னு கரையோரமா வளைச்சிக்கினு பூட்ற."

துலுக்கானம் சிரிப்பை அடக்க முகத்தைத் திருப்பிக்கொண்டான். கோதண்டத்துக்குக் காது சிவந்துவிட்டது.

"சரி தங்கச்சி. இன்னிக்குப் பொழுது சாயறதுக்குள்ள புடிச்சிக் காட்டு. காட்டினா வருஷம் பூரா ஒக்காரு, நான் கேக்க மாட்டேன். இல்லனா அந்தப் பித்தளை சாமானை மூட்டை கட்டிக்கினு ஊட்டோட கெட."

"செரி" என்றாள். என்னைக் கேட்கவே இல்லை.

அந்தப் பாலமும் இல்லையென்றால் இவள் இந்த ஊரில் எப்படி இருப்பாள் என்று எனக்குத் தெரியும். அவளுக்குக் கலக்கம் எதுவும் இல்லை. டீக்கடைக்குப் பக்கத்தில் கோழி அறுப்பவரிடம் போய்க் குடல் வாங்கி வந்தாள். பெரிய முள்ளில் கோத்தேன். குழிக்கு நேராக இறக்கிவிட்டுக் காத்திருந்தோம். கோதண்டமும் போகவில்லை. பாலத்துக் கம்பியில் சாய்ந்து பீடி பிடித்துக்கொண்டிருந்தார்.

வெயில் மஞ்சளாக மாறும் நேரத்தில் கழியின் நுனி ஒருமுறை தலையாட்டியது. பிறகு தண்ணீரைத் தொடும் அளவுக்கு வளைந்தது. ரீல் அலறியது.

என் தோள் தன்னால் மேலே கிளம்பியது.

"வெட்டாதய்யா! டீல்ல கீது!"

நரம்பு ஓடியது. கோதண்டம் பீடியைத் தூக்கிப் போட்டுவிட்டு ஓடிவந்தார். "இழு வரதா! இழுடா! கல்லுல பூந்துக்கும்!"

"வாயை மூடு அண்ணாத்தே" என்றாள் கஸ்தூரி, ரீலிலிருந்து கண்ணை எடுக்காமல். அந்த ஊரில் அவரிடம் அப்படிப் பேசிய முதல் ஆள் அவளாகத்தான் இருக்கும். அவரும் வாயை மூடினார்.

நரம்பு தீரப்போய், ரீலின் அடியில் பித்தளை தெரிய ஆரம்பித்தபோது அவள் உள்ளங்கையை விளிம்பில் லேசாக அழுத்தினாள். மீன் நின்றது. சுற்றினாள். அது மறுபடி ஓடியது, விட்டாள். நான் கழியை நிமிர்த்திப் பிடித்தபடி நின்றேன், அவ்வளவுதான். கடைசியில் வாளை மேடைக்குக் கீழே வந்து, ஒருக்களித்து வெள்ளை வயிற்றைக் காட்டியது. என் இடுப்பு உயரம் இருக்கும்.

அப்போதுதான் விஷயம் புரிந்தது. மேடைக்கும் தண்ணீருக்கும் நடுவே ஓர் ஆள் உயரம். அந்தக் கனத்தை நரம்பில் தூக்கினால் அறுந்துவிடும். யாராவது படியில் இறங்கிக் கையால் எடுக்க வேண்டும். நான் கழியை விட முடியாது, அவள் ரீலை விட முடியாது. துலுக்கானம் ஓர் அடி எடுத்து வைத்துவிட்டு, முதலாளி முகத்தைப் பார்த்து அப்படியே நின்றான்.

வாளை மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. இன்னொரு முறை திமிறினால் கல்லிடுக்குக்குள் போய்விடும்.

"அண்ணாத்தே" என்றாள் கஸ்தூரி. குரலில் கெஞ்சல் இல்லை. "நீ சும்மா நின்னா நீ ஜெயிச்ச."

கோதண்டம் மீனைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். மறுபடி மீனைப் பார்த்தார். அவர் கைவிரல்கள் தாமாக மடங்கி விரிந்ததை நான் கவனித்தேன்.

"நாசமாப் போவ!" என்று கத்தினார். யாரைத் திட்டினார் என்று இன்றுவரை தெரியாது. கைக்கடிகாரத்தைக் கழற்றித் துலுக்கானத்திடம் கொடுத்து, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, இரும்புப் படியில் இறங்கினார். தண்ணீருக்குள் முங்கியிருந்த கடைசிப் படியில் இடுப்பளவு தண்ணீரில் நின்று, இரண்டு கையையும் நீட்டி, வாளையின் செவுளுக்குள் விரலை விட்டார். அது ஒரே அடியாக அடித்தது. தலைவரை நனைந்தார், ஆனால் பிடியை விடவில்லை.

மேடையில் வைத்துத் துலுக்கானம் அதன் வயிற்றைக் கீறினான். உள்ளே கெண்டைக் குஞ்சுகள், சில செதில்கூடக் கலையாமல். கோதண்டம் குத்துக்காலிட்டு உட்கார்ந்து அவற்றை விரலால் தள்ளித் தள்ளிப் பார்த்தார். மீசையிலிருந்து தண்ணீர் சொட்டியது.

"என் துட்டுல வளந்துகீதுடா" என்றார். பிறகு சிரித்தார். ஏரிக்கரை முழுக்கக் கேட்கிற மாதிரி சிரித்தார்.

எழுந்து வந்து ரீலையே பார்த்துக்கொண்டு நின்றார். கையை நீட்டினார், தயங்கினார்.

"அந்த டீலுனு இன்னாவோ சொன்னியே தங்கச்சி. அது எப்படி?"

கஸ்தூரி தன் முந்தானையால் ரீலைத் துடைத்தாள். பிறகு ஓர் அடி நகர்ந்து, என் இடது பக்கத்தில் அவருக்கு இடம் விட்டாள்.

"மொதல்ல ஈரக் கையைத் தொடச்சிக்கோ அண்ணாத்தே. அப்புறம் சொல்றேன்."

நான் மிச்சமிருந்த குடலை முள்ளில் கோத்துக் குழியில் இறக்கினேன்.