மூன்றாம் வருஷத்தில் ஒரு கிட்டார் சோலோ

"கடைசி கார்டை அடிச்சிருடே, எங்களுக்குப் போவணும்!" என்று மாப்பிள்ளையின் அம்மா மேடைக்குக் கீழே நின்று கத்தினார். கத்தினால்தான் கேட்கும். டார்வின் அண்ணனின் கிட்டார் சோலோ ஓடிக்கொண்டிருந்தது. அது தொடங்கி மூன்று வருஷம் ஆகிறது.

எங்கள் ராக் பேண்டில் மூன்று கிட்டார். மூன்றாவது நான். சோலோ முடியும்போது ஆறு தந்தியும் சேர்ந்து ஒலிக்கும் ஈ கார்டை ஓங்கி அடித்துப் பாட்டை முடிக்க வேண்டும். அவ்வளவுதான் என் வேலை. பாட்டு தொடங்கியபோது பத்தாம் வகுப்பு படித்தேன். நடுவில் இறங்கக் கூடாது என்பதால் பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டேன். வருத்தமெல்லாம் இல்லை. கணக்கு வாத்தியாரும் வருத்தப்படவில்லை.

எங்கள் ஊர் வரவேற்புகளில், பேண்டின் கடைசிப் பாட்டு முடியாமல் பெண்ணும் மாப்பிள்ளையும் மேடையை விட்டு இறங்க மாட்டார்கள். இந்த வரவேற்பின் பெண் ஷைனி அக்காவும் மாப்பிள்ளை லிஜின் அண்ணனும் இன்னும் இறங்கவில்லை.

நாங்கள் முன்னேறியதும் இதே பாட்டில்தான். முதல் வருஷம் மாவட்டத்தின் சிறந்த பேண்ட் என்று கேடயம் கொடுத்தார்கள். இரண்டாம் வருஷம் டிரம்ஸ் வாசிக்கும் ரெக்ஸ்லின் சண்டை போட்டுப் பிரிந்து, பந்தி நடக்கும் மூலையில் தனி பேண்ட் தொடங்கினான். அங்கேயும் இதே பாட்டைத்தான் வாசித்தான். ஏழு மாதம் கழித்துத் தாளம் தவறாமல் நடந்து வந்து சேர்ந்துகொண்டான்.

ஷைனி அக்கா நர்சிங் படிக்கிறார். கல்யாணத்தன்று முதல் வருஷம். பரீட்சைகளை மேடையிலேயே எழுதுகிறார். கண்காணிப்பாளர் பிரியாணி சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு வந்து கேள்வித்தாளைக் கொடுப்பார். இன்னும் ஒரே ஒரு பரீட்சை, திங்கட்கிழமை. ஆனால் லிஜின் அண்ணன் வெள்ளிக்கிழமைக்குள் மஸ்கட் போகாவிட்டால் வேலை போய்விடும். பாட்டு முடிந்தால் அக்காவும் கூடப் போக வேண்டும். அங்கே போய்ப் படிப்பெல்லாம் வேண்டாம் என்று மாப்பிள்ளை வீட்டில் சொல்லிவிட்டார்கள்.

நான் டார்வின் அண்ணனிடம் கேட்டேன். "அண்ணே, முடிக்கப் போறியளா?"

"இப்பத்தானடே கை சூடாயிட்டு வருது."

அக்காவிடமும் கேட்டேன். "எக்கா, அடிக்கட்டா?"

அவர் புத்தகத்திலிருந்து தலையைத் தூக்கவில்லை. "அடிச்சுப் பாரு. படிச்ச ஊசி பூரா உனக்குத்தான்."

வெள்ளிக்கிழமை காலை லிஜின் அண்ணன் கோட்டைக் கழற்றித் தன் நாற்காலியில் உட்கார வைத்துவிட்டு மஸ்கட் போனார். மாப்பிள்ளைப் பூ கோட்டில் குத்தியிருந்ததால் அதுவே மாப்பிள்ளை; வழக்கம் மீறப்படவில்லை. கோட்டு நிமிர்ந்து உட்கார்ந்திருந்தது. அவருடைய மாமா பரிசோடு வந்தபோது எழுந்து கைகொடுத்தது. வீடியோக்காரர் கொஞ்சம் சிரிக்கச் சொன்னார்.

மாப்பிள்ளையின் அம்மா மேடையேறிக் கோட்டின் காலரைக் கைக்குட்டையால் ஒற்றினார்.

"எம் பிள்ளைக்கு வேர்க்குது பாரு. அடிடே."

ஷைனி அக்கா ஒரு பக்கத்தைப் புரட்டினார். நான் ஆறு தந்திகளையும் ஒலிக்காதபடி உள்ளங்கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டேன்.